ஹெரால்டு காருக்கு ஏற்ற டயர் எது?

மூன்றாமாண்டு இயற்பியல் மாணவன்

ஆண்டு மலருக்கு டயரைப் பற்றி எழுதப் போகிறேன் என்றதும் வகுப்பு நண்பர்கள் நகைத்தனர். "மலரிலே மணம் வீச வேண்டுமே தவிர ரப்பர் நாற்றம் வீசலாமா?" என்று கேட்டான் ஒருவன். கவிதை எழுதவும் கதை எழுதவும் நம் கல்லூரியில் வல்லவர் பலர் உளர். யானோ போளூர் சாலையில் பஞ்சர் கடை வைத்திருப்பவரின் மகன். எனக்குத் தெரிந்ததைத்தானே நான் எழுத முடியும்? மேலும், இதை எழுதுவதற்கு என் மனத்தை உறுத்தும் காரணம் ஒன்றும் உண்டு. அதைக் கட்டுரையின் இடையிலே சொல்கிறேன்.

எங்கள் கடைக்கு நாற்பது ஆண்டுகளாக வந்துபோகிறவர் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர். அப்பா அவரை 'எச்.எம். ஐயா' என்றே அழைப்பார். அவரிடம் அவருடைய தந்தையார் 1960-களில் வாங்கிய ஸ்டாண்டர்ட் ஹெரால்டு கார் ஒன்று உண்டு. இரண்டே கதவுகள். வெளிர்நீல வண்ணம். முன்பக்கத்து மூடியைத் தூக்கினால் மட்கார்டு, விளக்கு எல்லாமே சேர்ந்து முன்னோக்கிக் கவிழும். என்ஜினும் முன்சக்கரங்களும் பந்தியில் பரிமாறிய இலைபோலக் கண்முன்னே கிடக்கும். சிறுவயதில் அந்த மூடி திறப்பதைப் பார்ப்பதற்கென்றே நான் கடையில் காத்திருந்ததுண்டு.

இந்தக் காரின் வரலாற்றைச் சிறிது சொல்லியாக வேண்டும். இங்கிலாந்தில் கவன்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்ட்-டிரையம்ப் நிறுவனம் 1959-இல் வெளியிட்ட டிரையம்ப் ஹெரால்டுதான் இதன் மூலம். உருவத்தை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலாட்டி. சென்னையில் 1948-இல் தொடங்கப்பட்ட ஸ்டாண்டர்ட் மோட்டார் புராடக்ட்ஸ் ஆப் இந்தியா நிறுவனம், 1961 முதல் இதை ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் வண்டலூரை அடுத்த தன் தொழிற்சாலையில் செய்து விற்றது. அம்பாசடர் கல்கத்தாவின் பிள்ளை, பியட் பம்பாயின் பிள்ளை என்றால், ஹெரால்டு நம் சென்னையின் செல்லப்பிள்ளை.

அதற்கு ஒரு தங்கையும் உண்டு. ஹெரால்டின் அடிச்சட்டத்தைக் குறுக்கி, அதே மிக்கலாட்டியின் வரைவில், 1962-இல் இங்கிலாந்தில் வெளிவந்த டிரையம்ப் ஸ்பிட்பயர் என்னும் இரண்டு இருக்கை ஸ்போர்ட்ஸ் கார்தான் அது. உலகெங்கும் பழங்கார் பிரியர்கள் இன்றும் போற்றுகிற வண்டி. அக்காளும் தங்கையும் பிறந்தபோது அணிந்த டயரின் அளவு ஒன்றே: 5.20-13. ஆகையால் நம்மூர் ஹெரால்டின் டயரைப் பற்றிப் பேசினால், புகழ்பெற்ற ஸ்போர்ட்ஸ் காரின் டயரைப் பற்றிப் பேசியதாகவே ஆகும். ஹெரால்டும் பந்தயம் அறியாத வண்டி அன்று. இரண்டாம் உலகப் போர்க்காலத்து விமான ஓடுதளமான சோழவரத்தில், 1990-இல் இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் திடல் திறக்கப்படுவதற்கு முன்பு நடந்த போட்டிகளில், ஹெரால்டுகளும் சீறிப் பாய்ந்தவைதாம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன், சென்னையில் நடக்கவிருந்த பழங்கார் அணிவகுப்பில் தம் ஹெரால்டைச் சேர்க்க எச்.எம். ஐயா விரும்பினார். அத்தகைய அணிவகுப்புகளில் நடுவர்கள் வண்டியைச் சுற்றிச் சுற்றி வருவார்களாம். வண்ணம் அக்காலத்ததா, விளக்கு அக்காலத்ததா, டயர் அக்காலத்ததா என்று பார்ப்பார்களாம். 2021-இல் மத்திய அரசு வெளியிட்ட விதிகளும், 50 ஆண்டு கடந்து தன் அசல் உருவம் மாறாமலிருக்கும் வண்டியைப் 'பழம்பெரும் வண்டி' எனத் தனியே பதிவு செய்ய வழிவகுத்தன. ஆகவே 'அசல்' என்ற சொல் ஐயாவின் நாவில் அடிக்கடி ஒலிக்கலாயிற்று.

ஒருநாள் அவர் சென்னையில் பழைய பொருள் விற்பவர் ஒருவரிடமிருந்து நான்கு டயர்களை வாங்கி வந்தார். 5.20-13. பல ஆண்டுகள் கிடங்கில் கிடந்தவை, சாலையையே காணாதவை. ஒன்றில் தொழிற்சாலைக் காகிதச்சீட்டு கூட ஒட்டியிருந்தது. பட்டன் முழுதாக இருந்தது. (சாலையைப் பற்றும் பூ வேலைப்பாட்டை எங்கள் தொழிலில் பட்டன் என்போம்.) அப்பா பக்கச்சுவரைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார்; மோந்தும் பார்த்தார். "ஐயா, பட்டன் இருக்குது. ரப்பர் இல்லீங்க" என்று சொல்லி வைத்துவிட்டார்.

எனக்கு அது பிற்போக்காகப் பட்டது. தேயாத டயர் எப்படிக் கெடும்? தேய்மானம் உராய்வினால் வருவது. உராய்வே இல்லாத இடத்தில் தேய்மானம் ஏது? அன்று நான் படித்திருந்த இயற்பியல் அவ்வளவே. அடுத்த வாரம் அப்பா வேலூரில் ஒரு திருமணத்துக்குச் சென்றிருந்தபோது ஐயா வந்தார். "என்ன தம்பி, மாட்டலாமா?" என்றார். "மாட்டலாம் ஐயா" என்றேன். நான்கையும் நானே மாட்டினேன்.

வெள்ளோட்டமாகச் செங்கம் வரை சென்றோம். திரும்பும்போது வெயில் ஏறிவிட்டது. வேகம் ஐம்பதுக்குமேல் இராது. பின்பக்கம் பறையடித்தாற்போல ஓசை கேட்டது. வலப்பக்கப் பின்டயரின் பட்டன் பட்டை முழுவதும் உடலிலிருந்து உரிந்து மட்கார்டை அறைந்துகொண்டிருந்தது. வண்டி ஒருபக்கமாக இழுத்தது. ஐயா பிரேக்கை மிதிக்கவில்லை. காலை எடுத்துவிட்டு ஸ்டியரிங்கை மட்டும் இறுகப் பிடித்திருந்தார். சாலையோரப் புளியமரத்துக்கு இரண்டு முழம் முன்னே மண்ணில் இறங்கி நின்றோம். ஐயாவுக்கு வயது எழுபத்தாறு. அந்த இரண்டு முழம் இல்லையேல் நான் இந்தக் கட்டுரையை எழுதியிருக்க மாட்டேன். ஒருவேளை நானே இருந்திருக்க மாட்டேன்.

அப்பா வந்தார், ஸ்டெப்னியை மாட்டினார், என்னை ஒரு சொல்லும் கடியவில்லை. சாலையில் கிடந்த பட்டையை மட்டும் சுருட்டி எடுத்துவந்து கடையில் ஆணியடித்து மாட்டினார். இன்றும் அது அங்கேதான் தொங்குகிறது.

அதன் பிறகே நான் டயரைப் படிக்கத் தொடங்கினேன்.

முதலாவது, ரப்பரின் முதுமை. பாலாக வடியும் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றினால் அது உறுதிபெறும் என்று சார்லஸ் குட்இயர் 1839-இல் கண்டார். கந்தக அணுக்கள் ரப்பரின் நீண்ட மூலக்கூறு இழைகளை ஒன்றோடொன்று பாலம்போல் பிணைக்கின்றன. டயர் சும்மா கிடந்தாலும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அதற்குள் புகுந்து வேலை செய்துகொண்டே இருக்கும். நெகிழ்வு குறையும், இறுக்கம் கூடும். ஓசோன் பக்கச்சுவரில் மயிரிழை வெடிப்புகளை உண்டாக்கும். இதைத் தடுக்கவே டயரில் மெழுகும் வேறு சில காப்புப் பொருள்களும் கலக்கிறார்கள். டயர் ஓடி ஓடி வளைந்து நெளியும்போது இந்த மெழுகு மேற்பரப்புக்கு வந்து போர்வையாகும். ஓடாத டயருக்கு அந்தப் போர்வை புதுப்பிக்கப்படுவதில்லை. ஆக, 'சாலையையே காணாதது' என்று நான் எதைப் பெருமையாக நினைத்தேனோ, அதுவே அதன் குறை! உள்ளே துணியடுக்குக்கும் ரப்பருக்கும் இருந்த பிணைப்பும் தளர்ந்திருந்தது. செங்கம் சாலை வெயிலும் ஓட்டத்தின் சூடும் எஞ்சிய வேலையை முடித்தன. அப்பா கட்டைவிரலால் கண்டுபிடித்தது இதைத்தான்.

டயரின் வயதை அறிய எளிய வழி உண்டு. 2000-ஆம் ஆண்டு முதல் செய்யப்பட்ட டயர்களின் பக்கச்சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று பொறிக்கப்பட்டிருக்கும். 1923 என்றிருந்தால் அது ஆங்கிலேயர் காலத்து டயர் என்று மிரள வேண்டாம். 2023-ஆம் ஆண்டின் 19-ஆவது வாரத்தில் பிறந்தது என்று பொருள். அதற்கு முன்னர் இருந்தது மூன்று இலக்க எண். ஐயா வாங்கிவந்த டயர்களில் நான்கு இலக்கம் இல்லை என்பதை நான் கவனித்திருந்தால், அவை 2000-க்கு முந்தியவை என்பது அப்போதே விளங்கியிருக்கும். இரு சக்கர வண்டி வைத்திருக்கும் பேராசிரியர்களும் மாணவர்களும் இன்று மாலையே தத்தம் டயரில் இந்த எண்ணைத் தேடிப் பார்க்கலாம்.

அடுத்தது கட்டமைப்பு. டயர் என்பது வெறும் ரப்பர் அன்று. ரப்பரில் தோய்ந்த துணி இழைகளின் அடுக்கு. பழைய முறையில் இவ்விழைகள் சாய்வாகச் செல்லும். ஓரடுக்கு வலப்பக்கம் சாய்ந்தால் அடுத்தது இடப்பக்கம் சாயும். கோரைப்பாய்ப் பின்னலை மூலைவாட்டில் பார்த்தாற்போல இருக்கும். இதற்குக் குறுக்கிழை டயர், அதாவது கிராஸ்பிளை, என்று பெயர். பிரெஞ்சு நாட்டு மிஷலின் நிறுவனம் 1946-இல் காப்புரிமை பெற்ற புதிய முறையில் இழைகள் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு நேராகச் செல்லும். அவற்றின்மேல் பட்டனுக்கு அடியில் எஃகுப் பட்டை ஒன்று இடுப்புக் கச்சைபோல் சுற்றிவரும். இதுவே ரேடியல்.

இரண்டுக்கும் நடத்தையில் மிகுந்த வேற்றுமை உண்டு. குறுக்கிழை டயரில் பக்கச்சுவரும் பட்டனும் ஒரே உடம்பு. வளைவில் திரும்பும்போது பக்கச்சுவர் சாய்ந்தால் பட்டனும் கூடவே நெளியும். சாலையின் பிடி சிறிது சிறிதாக விடும். 'விடப் போகிறேன், விடப் போகிறேன்' என்று முனகிக்கொண்டே வழுக்கும். அக்காலத்து ஸ்போர்ட்ஸ் கார் ஓட்டிகள் அந்த முனகலைக் கேட்டே வண்டியை ஆண்டார்கள். ரேடியலில் பக்கச்சுவர் வளைந்தாலும் பட்டன் சாலையில் பட்டையாகப் பதிந்தே நிற்கும். பிடி மிகுதி, ஆயுள் மிகுதி, சூடு குறைவு. ஆனால் பிடி விடும் நேரத்தில் முன்னறிவிப்பு குறைவு. நிற்கும் வண்டியில் ஸ்டியரிங்கைத் திருப்பினால் சற்றே கனமாகவும் இருக்கும்.

இங்கே ஹெரால்டுக்கென்று ஒரு தனிச்சிக்கல் வருகிறது. அதன் பின்சக்கரங்கள் ஒவ்வொன்றும் பறவையின் சிறகுபோல் தனித்தனியே மேலும் கீழும் ஆடும் அச்சில் பூட்டப்பட்டவை. வளைவில் மிகுவேகமாகத் திரும்பி, நடுவே திடீரென்று ஆக்சிலரேட்டரை விட்டால், வண்டியின் பின்புறம் எழும்பி, வெளிப்பக்கச் சக்கரம் உள்நோக்கி மடங்கும். பிடி குறைந்த டயராயின் அதற்கு முன்பே வழுக்கிவிடும். பிடி மிகுந்த அகலமான டயராயின் வழுக்காமல் மடங்கும். அதாவது, 'நல்ல' டயர் இந்த வண்டிக்குத் தீங்காகவும் முடியக்கூடும்! ஸ்பிட்பயரில்கூட நான்காம் வடிவத்தில்தான் பின் வில்லை மாற்றி இக்குறையைப் பெரிதும் தணித்தார்கள். முன்டயரைவிடப் பின்டயருக்குச் சில பவுண்டு காற்று கூடுதலாக வைக்கச் சொல்லும் வழக்கமும் இந்தச் சிறகு அச்சை மனத்தில் வைத்துத்தான். எங்கள் கடையில் 'நாலுக்கும் ஒரே காத்து வை' என்று அவசரப்படுபவர்களை நான் இப்போது சந்தேகத்தோடே பார்க்கிறேன்.

கடையில் தினமும் பார்க்கிற ஆபத்து இன்னொன்று. பணத்தட்டுப்பாட்டால் இரண்டு டயரை மட்டும் மாற்றுவார்கள். குறுக்கிழையும் ரேடியலும் ஒரே அச்சில் சேரவே கூடாது. முன்னே ரேடியலும் பின்னே குறுக்கிழையும் அதைவிடப் பொல்லாதது: முன்பக்கம் சாலையைக் கவ்வும், பின்பக்கம் நழுவும், வண்டி பம்பரமாகும். ஸ்டெப்னியும் மற்ற நான்கின் இனமாகவே இருக்க வேண்டும்.

சரி, இவ்வளவு முக்கியத்துவம் பெற்ற இந்த டயர் சாலையைத் தொடும் இடம் எவ்வளவு? ஹெரால்டின் எடை ஏறக்குறைய 800 கிலோ. சக்கரம் ஒன்றுக்கு 200 கிலோ. 24 பவுண்டுக் காற்றழுத்தம் என்பது சதுர செ.மீ.க்குச் சுமார் 1.7 கிலோ. 200-ஐ 1.7-ஆல் வகுத்தால் சுமார் 118 சதுர செ.மீ. ஓர் உள்ளங்கை! கார்த்திகை தீபத் திருவிழாவில் நம் அண்ணாமலையாரின் பெருந்தேரை நிறுத்த எத்தனை பேர் எத்தனை முட்டுக்கட்டைகளோடு சக்கரத்தடியில் நிற்கிறார்கள் என்பதை ஆண்டுதோறும் பார்க்கிறோம். ஐயாவின் காரை நிறுத்துவது நான்கு உள்ளங்கை ரப்பர்.

இனி, 'அக்காலத்துக்கு ஒத்த' டயர் என்றால் எக்காலம்? எந்த ஊர்க் காலம்? ஆங்கில நூல்கள் இங்கிலாந்தில் அன்று விற்ற டயர்களின் பெயரைச் சொல்கின்றன. சென்னையில் பிறந்த ஹெரால்டுக்கு அது பொருந்துமா? டன்லப் நிறுவனம் 1936-இல் வங்காளத்துச் சாகாகஞ்சிலும், 1959-இல் நம் அம்பத்தூரிலும் தொழிற்சாலை நிறுவியது. திருவொற்றியூரில் 1946-இல் பலூன் பொம்மை செய்யத் தொடங்கிய மெட்ராஸ் ரப்பர் பாக்டரி, அமெரிக்க மான்ஸ்பீல்டு நிறுவனத்தோடு கூடி டயர்த் தொழிலில் இறங்கியதும் ஹெரால்டு வெளிவந்த அதே 1961-ஐ ஒட்டித்தான். டயரைத் தூக்கிப்பிடிக்கும் அந்தப் பயில்வான் படம் 1964-இல் வந்தது. எனவே இலண்டன் சாலையில் ஓடிய டயரை வரவழைத்து மாட்டினால், ஐயாவின் கார் தன் இளமையில் ஒருநாளும் அணியாத ஆடையை அணிந்ததாகுமே தவிர, அசல் ஆகிவிடாது. நடுவர்கள் இதை ஒப்புவார்களா என்பது வேறு கதை.

டயர் விழுந்த பிறகு ஐயாவுக்கு முன் மூன்று வழிகள் இருந்தன. மேல்நாடுகளில் பழைய அச்சுகளைக் கொண்டே புதிய ரப்பரில் குறுக்கிழை டயர்களை இன்றும் வார்க்கிறார்கள். உருவம் பழையது, ரப்பர் புதியது. காட்சிக்கு அதுவே முதல் தரம். ஆனால் 2020 சூன் மாதம் நம் அரசு புதிய டயர்கள் பலவற்றின் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது; நான்கு டயருக்காக உரிமம் கேட்டு அலைய ஐயாவின் மூட்டு இடந்தரவில்லை. இரண்டாவது, அகலமான இக்கால டயர். ஐயாவின் பேரன் இதைத்தான் சொன்னான். ஹெரால்டின் ரிம் அகலம் மூன்றரை அங்குலம்; அதில் அகன்ற டயரை மாட்டினால் பக்கச்சுவர் உள்வாங்கிப் பட்டனின் நடுப்பகுதி மட்டும் தரையைத் தொடும். சிறகு அச்சின் கதையைத்தான் முன்பே சொல்லிவிட்டேன்.

மூன்றாவது வழிக்கு நானும் அப்பாவும் ஒரு மாலை முழுவதும் கணக்குப் போட்டோம். 5.20-13 என்பதில் 5.20 அங்குலம் டயரின் அகலம், 13 அங்குலம் ரிம்மின் விட்டம். அக்காலக் குறுக்கிழை டயரில் பக்கச்சுவர் உயரம் அகலத்துக்கு ஏறக்குறைய சமம். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து என்று வைத்தால் டயரின் மொத்த விட்டம் சுமார் 580 மி.மீ. இக்காலத்து 145/70 ஆர் 13 மாட்டினால் விட்டம் 533 மி.மீ. மட்டுமே. முள் 60 காட்டும்போது வண்டி உண்மையில் 55-இல்தான் போகும். வண்டி தரையோடு குந்தினாற்போலவும் தெரியும். 145/80 ஆர் 13-இன் விட்டம் 562 மி.மீ. முள் 60 காட்டினால் உண்மை 58. பக்கச்சுவர் உயரமாக, உடல் ஒல்லியாக, பழைய தோற்றம் கெடாமல் இருக்கும். வேகன்-ஆர் காருக்கு வந்த அளவு ஆகையால் திருவண்ணாமலையிலேயே கிடைத்தது. ரேடியல் என்பதால் காலத்துக்கு ஒவ்வாது என்று சொல்லவும் முடியாது. 1960-களிலேயே மேல்நாட்டு ஸ்போர்ட்ஸ் கார்களுக்கு ரேடியல் வந்துவிட்டது. நம் நாட்டுச் சாலைகளுக்குத்தான் அது பின்னர் வந்தது.

ஒன்றை மட்டும் அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. டயர் ட்யூப்லெஸ் வகையாக இருந்தாலும் உள்ளே ட்யூப் போட்டே மாட்ட வேண்டும் என்றார். இக்கால ரிம்களில் டயரின் விளிம்பு நழுவாமல் தடுக்க உட்புறம் ஒரு மேடு இருக்கும். ஹெரால்டின் பழைய ரிம்மில் அது இல்லை. ரேடியலுக்கென்றே உள்ள ட்யூப் வாங்கினோம். ரிம்மைத் துருபோகச் சுரண்டி, உட்புறம் விரலால் தடவிப் பார்த்து, ஐந்தையும் அப்பாவே மாட்டினார். லிவரை என் கையில் கொடுக்கவில்லை.

ஐயா அணிவகுப்புக்குப் போய்வந்தார். நடுவர் ஒருவர் டயரைப் பார்த்துத் தலையை ஆட்டினாராம், மதிப்பெண் குறைந்தது. ஐயா அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஆனாலும் ஆசை விடவில்லை. அடுத்த முறை காட்சிக்கு டிக்கியைத் திறந்து வைக்கும்போது, எஞ்சிய பழைய டயர்களுள் காகிதச்சீட்டு ஒட்டியிருந்ததை உள்ளே வைத்தால் அழகாயிருக்கும், ஸ்டெப்னி இடத்தில் அதை மட்டுமாவது வைத்துக் கொடு என்று அப்பாவிடம் கேட்டார்.

அப்பா மறுக்கவில்லை. டயரை எடுத்துத் துடைத்தார். சீட்டு கிழியாமல் திருப்பிப் போட்டார். பிறகு அறுப்புக் கத்தியை எடுத்து, வெளியே தெரியாத பக்கச்சுவரில் ஒரு சாண் நீளத்துக்கு ஆழமாகக் கீறினார். எந்த ஊரில், எந்த இருட்டில், எந்தப் பையன் அதை எடுத்தாலும் இனி அதில் காற்று பிடிக்க முடியாது. ஐயா ஒன்றும் சொல்லவில்லை. நல்ல ஸ்டெப்னியைப் பின்சீட்டுக்கு அடியில் நான் தள்ளி வைத்தேன்.